தம்பிக்கு கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அப்பா ஆறு மா நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன். தம்பி இந்த வருஷம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் வருகிறான். படிக்கவும் விளையாடவும் ஒரே கம்ப்யூட்டராக வாங்கித் தரச் சொல்கிறான். சம்பா நெல் போட்ட பணமும் என் சேமிப்பும் சேர்த்து 90,000 ரூபாய் வரை முடியும். தம்பிக்கு கேமிங் லேப்டாப் மேல்தான் ஆசை. கரண்ட் போனாலும் ஓடும், காலேஜுக்கும் எடுத்துப் போகலாம் என்கிறான். கடைக்காரரோ, அதே காசுக்கு டெஸ்க்டாப் எடுத்தால் இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும் என்கிறார். இப்போது வாலரன்ட் விளையாடுகிறான், ஜிடிஏ 6 வந்தால் அதையும் விளையாட வேண்டுமாம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும், வோல்டேஜும் நிலையாக இருக்காது. எதை வாங்குவது? இவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தால் விளையாட்டிலேயே மூழ்கிவிடுவானோ என்று அம்மாவுக்கு வேறு பயம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டெஸ்க்டாப் வாங்குங்கள். ஆனால் அந்த 90,000க்குள்ளேயே ஒரு நல்ல யூபிஎஸ்ஸும் (கரண்ட் போனால் சில நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி) அடங்க வேண்டும். தம்பி அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குப் போவது உறுதி என்றால் மட்டும் என் பதில் மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைக்காரர் வேகத்தைச் சொல்கிறார், தம்பி வசதியைச் சொல்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி, ரிப்பேரும் பார்க்கிறவன். மெஷின் கெட்டுப்போய் என் மேஜைக்கு வரும்போது அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும். நம் டெல்டா கிராமங்களில் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும் என்று நினைக்கிறேன். கெட்டால் ஒரு பாகத்தோடு போகுமா, மொத்தமாகப் போகுமா?

உங்கள் ஊர் கரண்டை எடுத்துக்கொள்வோம். பம்ப்செட்டுக்கு த்ரீ ஃபேஸ் வருகிற நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் மோட்டாரைப் போடுவார்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கிற வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்தாலே தெரியும். மோட்டார்கள் நின்றதும் திரும்ப ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மரக்கிளை லைனில் உரசி, கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் போவதால் பெரும்பாலும் எதுவும் கெடாது. திரும்ப வருகிற அந்த நொடியில்தான் அடி விழும். எல்லாவற்றையும்விட மோசமானது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், அறுவது. அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம்கூட வரலாம். வீட்டில் லைட் திடீரென்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் லைன்மேனைக் கூப்பிடலாம்.

இந்தக் கரண்டில் லேப்டாப்புக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. அதன் சார்ஜர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும். லோ வோல்டேஜ் அதற்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் மேலே ஏறுகிற வோல்டேஜ் சார்ஜரைத் தாண்டி உள்ளே போய்விட்டால், பிராசஸர், கிராபிக்ஸ் சிப் எல்லாம் ஒரே போர்டில் சால்டர் பண்ணி உட்கார்ந்திருக்கும். சில மாடல்களில் ரேமும் அப்படித்தான். போர்டு போனால் எல்லாம் போன மாதிரி. புதுப் போர்டு போடக் கேட்கிற காசைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிதே வாங்கலாம் என்று தோன்றிவிடும். வோல்டேஜ் ஏறிக் கெட்டது, தண்ணீர் பட்டது, பூச்சி போனது இவையெல்லாம் சாதாரண வாரண்டியில் பெரும்பாலும் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

டெஸ்க்டாப்பில் அந்த அடியை முதலில் வாங்குவது யூபிஎஸ். அதைத் தாண்டினால் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால், அதுவே கெட்டுப்போய் மற்றதைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அதை மட்டும் மாற்றினால் போதும், அன்றைக்கே வேலை முடிந்துவிடும். மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கேபினட்டோடு, அதாவது வெளிப் பெட்டியோடு, இலவசமாகத் தருகிறோம் என்று சில கடைகளில் ஒரு எஸ்எம்பிஎஸ் கொடுப்பார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள்.

கரண்ட் போனாலும் லேப்டாப் ஓடும் என்று தம்பி சொல்வது படிப்புக்குச் சரி. விளையாட்டுக்குச் சரியில்லை. விமானத்தில் 100 வாட்-ஹவருக்கு (100 வாட் சுமையை ஒரு மணி நேரம் ஓட்டுகிற அளவு) மேற்பட்ட பேட்டரியைத் தாராளமாக எடுத்துப் போக முடியாது என்பதால், லேப்டாப் பேட்டரிகளை அந்த அளவுக்குள்ளேயே செய்கிறார்கள். கேமிங் லேப்டாப் முழு வேகத்தில் விளையாடும்போது 150 வாட்டுக்கு மேல் இழுக்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம்கூடத் தேறாது. அதனால்தான் சார்ஜரைக் கழற்றியதுமே மெஷின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. புரோகிராம் எழுத, பாடம் படிக்க என்றால் இரண்டு மூன்று மணி நேரம் வரும். அது நிஜமான வசதிதான், மறுக்கவில்லை.

டெஸ்க்டாப்பிலும் அந்த வசதிக்கு வழி இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 150 ஏஹெச் பேட்டரியோடு சைன் வேவ் இன்வெர்ட்டர் (லைன் கரண்ட் மாதிரியே சீரான கரண்ட் தருகிற வகை) இருந்தால், படிக்கும்போது டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். ஒரு ஃபேன், ஒரு லைட்டோடு சேர்த்து ஐந்து மணி நேரமாவது தாங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இதை முயற்சி பண்ண வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அந்தக் கரண்டை ஏற்றுக்கொள்ளாமல் உறுமும், ஆஃப் ஆகும். யூபிஎஸ்ஸும் பல நேரம் அதைக் கரண்டாகவே மதிக்காமல் தன் பேட்டரிக்குப் போய்விடும். இன்வெர்ட்டரே இல்லையென்றால், கரண்ட் போனதும் யூபிஎஸ் தருகிற பத்து நிமிஷத்தில் ஃபைலை சேவ் பண்ணிவிட்டு ஆஃப் பண்ணுவதுதான் வழி. பெரிய புயலை வைத்து முடிவு எடுக்காதீர்கள். 2018 நவம்பர் 16ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது உங்கள் பகுதியில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் எந்த லேப்டாப் பேட்டரியும் உதவாது.

சரி, கடைக்காரர் சொன்ன இரண்டு மடங்கு வேகம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே பெயரை வைக்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றாக இருப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 என்கிற கார்டை எடுத்துக்கொண்டால் இரண்டிலும் 3072 கோர்தான் (கோர் என்பது கணக்குப் போடுகிற சின்னச் சின்னப் பகுதி). டெஸ்க்டாப் கார்டு 115 வாட்டில் ஓடும். லேப்டாப்பில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு கொடுக்கலாம் என்பதை லேப்டாப் கம்பெனியே முடிவு செய்கிறது. மெல்லிசான லேப்டாப்பில் குறைவாகக் கொடுத்திருப்பார்கள், ஸ்டிக்கரில் மட்டும் 4060 என்றே இருக்கும். ஆர்டிஎக்ஸ் 5070ல் வித்தியாசம் இன்னும் பெரிது. டெஸ்க்டாப்பில் 6144 கோர், 12 ஜிபி மெமரி, 250 வாட். லேப்டாப்பில் 4608 கோர், 8 ஜிபி. ஒரே பெயரைப் பார்த்து ஏமாறுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆனாலும் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். இரண்டு மடங்கு என்கிற கணக்கில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கிறதா? லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் பேட்டரியும் கேமராவும் பெட்டியோடு வந்துவிடும், விண்டோஸும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். டெஸ்க்டாப்புக்கு இதையெல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். நேர்மையாகக் கணக்குப் போட்டால் 90,000க்கு டெஸ்க்டாப் இன்னும் கூடுதல் வேகம்தான் தரும். இரண்டு மடங்கு எல்லாம் வராது.

தம்பி விளையாடுவதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்த்தால், வாலரன்ட் பெரிய கார்டு கேட்கிற விளையாட்டே இல்லை. விண்டோஸ் 11ல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். புதுப் போர்டுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதில் ஆட்டம் தடுமாறுவதற்கு முக்கால்வாசி நேரம் நெட்தான் காரணம். ஃபைபர் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் வயர் இழுத்துவிட்டால், வைஃபையில் வருகிற தடுமாற்றம் பாதி போய்விடும். ஜிடிஏ 6ஐ நம்பி இப்போது காசு போட வேண்டாம். அதை பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு வருகிற அன்றைக்கு எந்தக் கார்டு வேண்டும் என்று பார்த்து, டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் அது நடக்காது. ரேமும் எஸ்எஸ்டியும் (ஃபைல்களைச் சேமிக்கிற டிஸ்க்) போடலாம், கிராபிக்ஸ் கடைசி வரைக்கும் அதேதான்.

நம் ஊர்த் தூசியையும் உப்புக் காற்றையும் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தை, மாசியில் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் வைக்கோல் தூசி வீடு முழுக்க வரும். லேப்டாப்பின் காற்றுப் பாதை சீப்புப் பல் மாதிரி நெருக்கமானது. ஃபேனுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவில் தூசி மெத்தை போலப் படிந்து காற்றை அடைத்துவிடும். அடிப்பக்க மூடியைக் கழற்றினால்தான் சுத்தம் பண்ண முடியும். சித்திரை வெயிலில், தகர ஷீட் போட்ட மாடி அறையில் விளையாடினால், சூடு தாங்காமல் மெஷின் தானே வேகத்தைக் குறைக்கும். பிள்ளை ‘மெஷின் ஸ்லோவாகிவிட்டது’ என்று சொல்லும். டெஸ்க்டாப்பை மாதம் ஒரு தடவை பக்க மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, சின்ன புளோயரால் ஊதினால் வேலை முடிந்தது. அம்மாகூடச் செய்துவிடலாம். உங்கள் ஊருக்கு முத்துப்பேட்டைக் கடல் காற்று வரும். எந்த மெஷினையும் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆஃபிலேயே போட்டு வைக்காதீர்கள். தினம் கொஞ்ச நேரம் ஓடினால் அதன் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். கேபினட்டைத் தரையில் வைக்க வேண்டாம், ஓர் அடி உயரத்தில் வையுங்கள். பின்பக்கத்தில் கார்டு போடாத ஓட்டைகளை அதற்கான தகட்டால் மூடச் சொல்லுங்கள். பல்லியும் எலியும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

இனி வாங்குவது பற்றி. விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2025 கடைசியில் ரேம், எஸ்எஸ்டி விலை கிடுகிடுவென்று ஏறியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதனால் பங்காகச் சொல்கிறேன். முதலில் யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் மூன்றுக்கும் காசைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பல பேர் இவற்றைக் கடைசியில் மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். ஆர்டிஎக்ஸ் 5060 அளவு தம்பிக்குத் தாராளம். ஆறு கோர் உள்ள இந்தத் தலைமுறை பிராசஸர் ஒன்று, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. ரேமை 8 ஜிபியாக இரண்டு போடுங்கள், ஒரே 16ஐவிட விளையாட்டில் வேகம் கிடைக்கும். மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறுவது), ஐபிஎஸ் பேனல் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை) இருந்தால் போதும். கலர் கலராக எரிகிற லைட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் அன்பாகச் சொல்லுங்கள். அந்தக் காசு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தால் மெஷின் பிழைக்கும்.

எஸ்எம்பிஎஸ் 550 அல்லது 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கான தரச் சான்று) அல்லது அதற்கு மேல். முக்கியமாக அதன் ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 200-240 என்று மட்டும் இருந்தால் உங்கள் ஊர் லோ வோல்டேஜில் அடிக்கடி ஆஃப் ஆகும். யூபிஎஸ் 600 விஏ (அது தாங்குகிற சுமையின் அளவு) பத்தாது. அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கானது, விளையாடும் நடுவில் கரண்ட் போனால் சுமை தாங்காமல் அதுவும் சேர்ந்து அணையும். இந்த மெஷின் விளையாடும்போது மானிட்டரோடு 350 வாட் வரை இழுக்கலாம். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். உள்ளேயே வோல்டேஜைச் சரிசெய்கிற லைன் இன்டராக்டிவ் வகை என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜ் அளவில் கீழே 150க்கும் குறைவாக, மேலே 280க்கும் அதிகமாகத் தாங்குமா என்று பாருங்கள். அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். கரண்ட் பில் பற்றியும் அப்பா கேட்பார். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் சுமார் ஒரு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட் பக்கம் கூடும். லேப்டாப் என்றால் அதில் பாதி.

காசு மிச்சம் என்று பழைய மெஷினுக்குப் போக வேண்டாம். ‘ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி’ என்று மிகக் குறைந்த விலைக்கு விளம்பரம் வரும். திறந்து பார்த்தால் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7, லைட் போட்ட புதுக் கேபினட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஆபீஸ்களில் கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப்களிலும் கவனம் வேண்டும். பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், பெரிய கார்டு போட வழியிருக்காது.

அம்மாவின் பயத்துக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது, அது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். டெஸ்க்டாப்பைக் கூடத்தில், எல்லாரும் நடமாடுகிற இடத்தில் போடலாம். லேப்டாப் ராத்திரி போர்வைக்குள் போய்விடும். பிள்ளைக்கும் மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிற பழக்கம் வரும். விளையாட்டு மேல் இருக்கிற ஆசையிலேயே கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு அதையே தொழிலாகச் செய்கிற பிள்ளைகள் எனக்குத் தெரியும். கடையில் அசெம்பிள் பண்ணும்போது தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலேஜுக்கு எடுத்துப் போவதற்கு என்ன செய்வது? முதல் இரண்டு வருஷம் அங்கே இருக்கிற லேபும் வீட்டு டெஸ்க்டாப்பும் போதும். சொந்த லேப்டாப் கட்டாயம் என்று காலேஜில் சொல்கிறார்களா என்று மட்டும் முன்னாடியே கேட்டுவிடுங்கள். மூன்றாம் வருஷம் இன்டர்வியூ, புராஜெக்ட் என்று வரும்போது, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்று பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சார்ஜர் தனி. தினம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளை முதுகில் அதைச் சுமக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹாஸ்டல் உறுதி என்றால் கேமிங் லேப்டாப்பே வாங்குங்கள். ஹாஸ்டல் அறையில் டெஸ்க்டாப் வைக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள், லீவுக்கு லீவு தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. வாங்கும்போது கிராபிக்ஸுக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். கடையில் தெரியாது என்றால், டெமோ மெஷினில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்’ என்கிற வரியைப் பாருங்கள். வீட்டில் இருக்கும்போது சார்ஜரை ஸ்டெபிலைசரிலோ யூபிஎஸ்ஸிலோ போடச் சொல்லுங்கள். எப்போதும் சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரி சூட்டில் உப்பிவிடலாம். 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கிற செட்டிங் இப்போது பெரும்பாலான மாடல்களில் இருக்கிறது, முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும். விபத்துச் சேதத்துக்கும் சேர்த்துக் கூடுதல் வாரண்டி கிடைத்தால் அதற்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் அதற்கு முன்னால் ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்கு வயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று சொல்லும் வீடுகளில் இதுதான் காரணம். எர்த் குழி கோடையில் காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது யூபிஎஸ் பிளக்கையும் லேன் வயரையும் இரண்டையுமே பிடுங்க வேண்டும். லேன் வயர் வழியாக வந்த அடியில் போர்டு போன மெஷின்கள் ஒவ்வொரு மழைக்காலமும் என் கடைக்கு வருகின்றன.

கடையில் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். ‘கம்ப்யூட்டர் செட்’ என்று ஒரே வரியில் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும், ஏனென்றால் டெஸ்க்டாப்பில் ஒவ்வொன்றுக்கும் வாரண்டி தனித்தனி. பில்லை அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டிகளைப் பரணில் போட்டு வையுங்கள்.